விளக்கு வைக்கிற நேரத்துக் கணக்கு

செந்தாமரை: ஆறு நாளுன்னே போட்டுக்கத்தா. ஞாயித்துக்கெழம லீவு. ஒரு நாளைக்கி எட்டு மணி நேரம்.

சத்தியப்பிரியா: செத்த இருங்கக்கா. ஒவ்வொரு நாளா கேட்டுத்தான் எழுதணும். போன வெள்ளி?

செந்தாமரை: போனாக.

சத்தியப்பிரியா: சனி?

செந்தாமரை: போனாக.

சத்தியப்பிரியா: திங்க?

செந்தாமரை: போனாகத்தா! வீட்டுக்காரருக்கு என்ன வேலை, எத்தன நாளு, எம்புட்டு நேரம்… மூணு மாசமா மாசத்துக்கு ஒருக்கா சர்க்காரு கணக்கெடுக்க வந்து இதத்தான் கேக்குற, நானும் இதத்தான் சொல்றேன். மொதல்ல இந்தக் காப்பியக் குடி. ஆறுது.

சத்தியப்பிரியா: மூணு மாசமும் படியில நிக்க வச்சுத்தான பதில் சொன்னீக. இன்னைக்கி உள்ள கூப்புட்டு, நாற்காலி போட்டு, காப்பி, முறுக்கு… என்னக்கா விசேஷம்?

செந்தாமரை: விசேஷம் என்ன… நாலு மாசம் நாலு தடவ வருவேன், அப்பறம் வேற வீடுன்னு நீதான சொன்ன. இது நாலாவது. வாசலோட அனுப்பிவிட்டா நல்லாவா இருக்கும்? மெலிஞ்சு போயிட்ட. வீட்டுல அம்மா சௌக்கியமா?

சத்தியப்பிரியா: சௌக்கியம்தான். செவ்வாய்க்கெழம?

செந்தாமரை: செவ்வாயா…?

சத்தியப்பிரியா: ஆமாக்கா. மூணு நாளைக்கி முந்துன செவ்வா.

செந்தாமரை: செவ்வா… போனாக. விடிஞ்சும் விடியாமப் போனாக.

சத்தியப்பிரியா: மில்லுக்குத்தான?

செந்தாமரை: மில்லுக்குத்தான். வேற எங்க போவாக? இருவது வருசமா அந்த ஒரு எடந்தான் தெரியும்.

சத்தியப்பிரியா: அக்கா… தப்பா நெனைக்காதீக. அந்த மில்லுல மூணு ஷிப்ட் ஓடுனது, இப்ப ஒன்னுதான் ஓடுதாம்.

செந்தாமரை: யாரு சொன்னா?

சத்தியப்பிரியா: பஸ்ஸுல பேசிக்கிட்டாக.

செந்தாமரை: பஸ்ஸுல ஏறுனா வாய் சும்மா இருக்குமா, என்னத்தையாச்சும் பேசத்தான் செய்வாக. அந்த ஒரு ஷிப்டுக்கு மேஸ்திரி வேணாமா?

சத்தியப்பிரியா: வேணுந்தான்…

செந்தாமரை: பெறகென்ன? பேப்பர்லயே போட்டிருந்தான். வேலையத்தவக கணக்கு இந்த மாசமும் கொறஞ்சிருக்குன்னு. எல்லாம் பைய பைய சரியாகி வருதுன்னு. படிச்சியா?

சத்தியப்பிரியா: படிச்சேன்க்கா. அதான் பயமா இருக்கு.

செந்தாமரை: கொறஞ்சா சந்தோசந்தானத்தா படணும்! இதென்ன கூத்தா இருக்கு.

சத்தியப்பிரியா: அந்தக் கணக்குல நீங்களும் இருக்கீக. அதுக்குத்தான் சொல்றேன்.

செந்தாமரை: நானா? நான் என்ன பண்ணேன்?

சத்தியப்பிரியா: நாட்டுல இருக்கிற எல்லா வீட்டுலயும் போயிக் கேக்க முடியுமா? குலுக்கிப் போட்டுக் கொஞ்சம் வீட்டத்தான் எடுக்குறோம். ஒரு வீட்டுல சொல்றத, அது மாதிரி ஆயிரக்கணக்கான வீட்டுக்குச் சேத்துப் பெருக்கிக்கிறாக.

செந்தாமரை: அப்ப… நான் ஒரு வார்த்த முன்னப்பின்னச் சொன்னா?

சத்தியப்பிரியா: நீங்க "போறாக"ன்னு சொன்னீகன்னா, அங்க ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கெடச்சிரும்.

செந்தாமரை: அடியாத்தி! என் வாயாலயா? அப்ப நல்லதுதான?

சத்தியப்பிரியா: கணக்குலதான்க்கா கெடைக்கும். மேல இருக்கிறவக அதப் பாத்துட்டு, சனங்க தேறிட்டாக, இனிமே நம்ம ஒன்னும் செய்ய வேணாம்னு இருந்துருவாக.

செந்தாமரை: முறுக்க எடுத்துக்கத்தா.

சத்தியப்பிரியா: இந்தத் தெருவுல எட்டு வீடு எடுத்துருக்கோம். எட்டு வீட்டுலயும் எல்லா ஆம்பளைகளும் வேலைக்குப் போறாக. மூணு மாசமா ஒருத்தர்கூட சும்மா இருக்கல.

செந்தாமரை: நல்ல தெருவுத்தா.

சத்தியப்பிரியா: காலையில பத்து மணிக்கு பஸ்ஸுல போகயில ஒங்க டீக்கடையப் பாத்தா, பெஞ்சுல ஒக்கார எடமில்ல.

செந்தாமரை: லீவு போட்டுருப்பாக.

சத்தியப்பிரியா: தெனமுமா?

செந்தாமரை: ஆளு மாத்தி ஆளு போடுவாக. ஏத்தா, நீ கணக்கெடுக்க வந்தியா, துப்பறிய வந்தியா?

சத்தியப்பிரியா: சிரிக்காதீகக்கா.

செந்தாமரை: சரி சரி… முறுக்க வச்சுக்கிட்டுப் பேசு. கடிக்கவே மாட்டேங்குற.

சத்தியப்பிரியா: முழுசா எட்டு மணி நேரம்னு சொல்லணும்னு அவசியமில்ல. ஒரு வாரத்துல ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கோ சொந்தத் தொழிலுக்கோ கைய அசைச்சிருந்தாலே போதும். அவுக வேலை பாத்தவகன்னுதான் போடுவோம்.

செந்தாமரை: என்னது? வாரத்துக்கு ஒரு மணியா?

சத்தியப்பிரியா: ஆமா.

செந்தாமரை: ஒரு மணி நேரம் பாத்தவனும், வாரம் பூரா மேஸ்திரி வேலை பாத்தவனும் ஒன்னா?

சத்தியப்பிரியா: வேலையில இருக்காகளாங்கிற கணக்குல ஒன்னுதான். நேரத்த வேற பக்கத்துல எழுதுவோம். ஆனா பேப்பர்ல கொட்ட எழுத்துல வாரது மொதக் கணக்குதான்.

செந்தாமரை: நல்லா எண்ணுனீக போங்க! அப்ப… புதங்கெழம ஆசைத்தம்பி வீட்டு மோட்டரப் பிரிச்சு மாட்டிக் குடுத்தாக. அது ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆச்சு. அதச் சேக்கலாமா?

சத்தியப்பிரியா: கூலி வாங்குனாகளா?

செந்தாமரை: பங்காளிகிட்டக் கூலி வாங்குவாகளா? காப்பி குடிச்சாக.

சத்தியப்பிரியா: அப்ப சேராதுக்கா… ஆனா, புதங்கெழமயும் சேத்துத்தான ஆறு நாளும் மில்லுக்குப் போனாகன்னு சொன்னீக?

செந்தாமரை: இரு. பொழுது எறங்கிருச்சு. வெளக்க ஏத்திட்டு வாரேன்.

சத்தியப்பிரியா: மறுபடியும் நழுவுறீக பாத்தீகளா…

செந்தாமரை: நழுவி எங்குட்டுப் போகப் போறேன், இந்தா இருக்கு சாமி எடம். நீயும் ஒரு கும்புடு போட்டுக்க. ம்… யாரது வாசல்ல? பக்கத்து வீட்டுச் சிட்டாளா? சீனி வேணுமா? காலையில வாடி, தாரேன்!

சத்தியப்பிரியா: பாவம், ஒரு டம்ளர் குடுத்திருக்கலாம். சீனி இல்லையாக்கா?

செந்தாமரை: ச்சு! வாயக் கழுவு.

சத்தியப்பிரியா: என்னக்கா?

செந்தாமரை: வெளக்கு எரியுது. அந்தச் சொல்ல வெளக்கு வச்ச வீட்டுல எடுக்கக் கூடாது. டப்பா காலியா இருந்தாலும் "நாளைக்கி வா"ன்னுதான் சொல்லணும். ஒங்க ஊருல சொல்லித்தரலயா?

சத்தியப்பிரியா: எங்க அம்மாவும் சொல்லும்… அக்கா.

செந்தாமரை: என்னத்தா, மொகம் என்னமோ ஆயிருச்சு?

சத்தியப்பிரியா: மூணு மாசமா நான் இந்தத் தெருவுக்கு எத்தன மணிக்கு வாரேன்?

செந்தாமரை: இந்நேரந்தான். காலையில கிராமமெல்லாம் சுத்திட்டு, கடைசியா எங்க தெருவுக்கு வந்துட்டு, ஏழு மணி பஸ்ஸப் புடிப்ப.

சத்தியப்பிரியா: எட்டு வீட்டுக்கும் இந்நேரந்தான் போறேன். வெளக்க ஏத்தி வச்சுட்டு வந்து நிக்கிற பொம்பளைககிட்ட, "வேலை இருக்கா இல்லையா"ன்னு கேட்டுருக்கேன்.

செந்தாமரை: கேப்ப. பின்னால வெளக்கு நின்னு எரியும். நாங்க என்னத்தத்தான் சொல்ல? "இருக்கு"ன்னுதான் வாயில வரும்.

சத்தியப்பிரியா: ஐயோ… இது எனக்குத் தோணவே இல்லையே. பேப்பர்ல "தேறி வருது"ன்னு போட்டதுல என் தெரு தேறுனது இப்படித்தானா?

செந்தாமரை: ஒரு தெருவால என்ன ஆயிரப் போகுது, விடு.

சத்தியப்பிரியா: நாட்டுக்கு ஒன்னும் ஆகாது. எனக்கு ஆகும்க்கா. ஆபீஸ்ல சார் என்னையக் கூப்புட்டு மேசையத் தட்டிக் கேட்டாரு. "ரெண்டு ஷிப்ட நிப்பாட்டுன மில்லுக்குப் பக்கத்துத் தெரு இது. எட்டு வீட்டுல ஒருத்தன்கூடவா வேலை போயி ஒக்காரல? நீ வீடேறிப் போகவே இல்ல, எங்கிட்டோ மரத்தடியில ஒக்காந்து நீயே நெரப்பிருக்க"ன்னாரு.

செந்தாமரை: அடப்பாவி! நீ மாசா மாசம் வீடு வீடா ஏறி எறங்குனத இந்தத் தெருவே பாத்துச்சே!

சத்தியப்பிரியா: தெரு வந்து சொல்லுமா? யாராச்சும் ஒரு வீட்டுல, "இந்தப் புள்ள நேர்ல வந்துச்சு, நாங்கதான் மாத்திச் சொன்னோம்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் நம்புவாக. இந்த வாட்டி சரியா வரலேன்னா என்னைய நிப்பாட்டிருவாக.

செந்தாமரை: நிப்பாட்டிருவாகளா…

சத்தியப்பிரியா: ஆமாக்கா. அதான் கேக்குறேன். உள்ளதச் சொல்லுங்க. அண்ணே வேலைக்குப் போறாகளா?

செந்தாமரை: ஏத்தா, ஒன் ஊரு சாக்கோட்டைதான?

சத்தியப்பிரியா: ஆமா.

செந்தாமரை: எங்க மக நிவேதாவப் பாத்துட்டுப் போயிருக்காகளே, அவுகளும் சாக்கோட்டைதான். ஒன் வீட்டுலருந்து ரெண்டு தெரு தள்ளி. ஆவணி கடைசியில நிச்சயம். பொண்ணோட அப்பா மில்லு மேஸ்திரின்னு ஊரு பூராச் சொல்லி வச்சிருக்காக. நான் ஒங்கிட்ட ஒன்னு சொல்லி, நீ அம்மாகிட்டச் சொல்லி, அம்மா கொழாயடியில சொல்லி…

சத்தியப்பிரியா: ஒரு வீட்டுக் கதைய இன்னொரு வீட்டுல சொன்னா என் வேலையே போயிரும்க்கா. சொல்லவே மாட்டேன்.

செந்தாமரை: நீ சொல்ல மாட்டத்தா. எனக்குத் தெரியும். எனக்குத்தான் பயம். ஏற்கனவே ஒரு எடம் தட்டிப்போயிருச்சு. இதுவும் கையவிட்டுப் போனா அந்தப் புள்ள மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?

சத்தியப்பிரியா: உள்ள யாரோ இருமுறாகளே?

செந்தாமரை: டிவி.

சத்தியப்பிரியா: டிவி இந்தா என் எதுக்க, கருப்பாக் கெடக்கு.

செந்தாமரை: பக்கத்து வீட்டு டிவி.

முத்தரசு: போதும் செந்தாமர. பக்கத்து வீட்டு டிவி இருமாது.

செந்தாமரை: ஏங்க, நீங்க எதுக்கு வாரீக? பின்கட்டுலயே இருங்கன்னு சொன்னேன்ல?

முத்தரசு: எம்புட்டு நேரந்தான் அங்குட்டே ஒக்காந்துருக்க? வாத்தா. நீதான் மாசா மாசம் வார புள்ளயா?

சத்தியப்பிரியா: ஆமாண்ணே. வணக்கம்.

முத்தரசு: மூணு மாசமா ஆறு நாளு, எட்டு மணி நேரம்… நான் எட்டிப் பாக்காத மில்லுக்கு, இவ என்னையத் தவறாம அனுப்பிவச்சிருக்கா. லீவுகூடக் குடுக்கல.

செந்தாமரை: ஞாயித்துக்கெழம குடுத்தேன்.

முத்தரசு: ரொம்பச் சந்தோசம். நோட்ட எடு ஆத்தா. நான் சொல்றேன், நீ எழுது. ஆமா, இதுக்குப் பெரிய செல்லு மாதிரி ஒரு டேப்புல தட்டுவாகன்னு கேள்விப்பட்டேன். டேப்பு எங்க?

சத்தியப்பிரியா: அது… வந்து…

செந்தாமரை: ஏன், நோட்டுல எழுதுனா ஆகாதோ? அந்தப் புள்ளய எதுக்குக் கொடையுறீக? சொல்ல வந்தா சொல்லுங்க, சொல்லாட்டிப் பேசாம இருங்க!

முத்தரசு: இவளுக்கு எதுக்கு இம்புட்டுக் கோவம் வருது? சரி, எழுது. முத்தரசு. வயசு அம்பத்தொன்னு. மில்லு மேஸ்திரியா இருந்தேன். அஞ்சு மாசமா வேலை இல்ல.

செந்தாமரை: ஏங்க! வெளக்கு…!

முத்தரசு: வெளக்குக்குத் தெரியாதா செந்தாமர? தெனமும் என்னையத்தான பாத்துக்கிட்டு எரியுது.

சத்தியப்பிரியா: அண்ணே… அடுத்த கேள்வி. போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாச்சும்…

முத்தரசு: ஒரு மணி நேரமும் இல்ல.

சத்தியப்பிரியா: வேலை தேடுனீகளா?

முத்தரசு: மொத ரெண்டு மாசம் தேடுனேன். திருப்பத்தூரு, தேவகோட்டை, புதுக்கோட்டை… அம்பத்தொன்னுன்னு சொன்னதுமே மொகத்தத் திருப்பிக்கிறாக. இப்ப எங்கயும் போயிக் கேக்குறதில்ல.

சத்தியப்பிரியா: அப்படின்னா… "வேலையில்லாதவக"ங்கிற கணக்குலயும் நீங்க வர மாட்டீக.

முத்தரசு: பெறகு? வேலையில இருக்கவனாவா?

சத்தியப்பிரியா: அதுலயும் வர மாட்டீக. தேடுறத விட்டவகள அந்தக் கணக்குலருந்தே எடுத்துருவாக. நெறையப் பேரு தேடுறத விட்டுட்டா, அதனாலயே அந்தக் கணக்கு கொறஞ்சு காட்டும்.

முத்தரசு: அப்ப நான் எங்கதான் இருக்கேன்? இங்குட்டும் சேக்க மாட்டீக, அங்குட்டும் சேக்க மாட்டீக. நான் ஒரு ஆளு மூச்சு விட்டுக்கிட்டு ஒக்காந்துருக்கேன்ல?

சத்தியப்பிரியா: கோவப்படாதீகண்ணே… நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யாருகிட்டயாச்சும் கேட்டீகளா? எங்கயாச்சும் போயி நின்னீகளா?

முத்தரசு: செவ்வாயும் வெள்ளியும் மில்லு வாசல்ல போயி நிப்பேன். ஆளு கொறஞ்சா உள்ள கூப்புடுவாகளான்னு. நாங்க ஒரு பதினஞ்சு பேரு நிப்போம். பத்து மணிக்கு வாட்ச்மேன் வந்து கைய விரிச்சாருன்னா திரும்பிருவோம்.

சத்தியப்பிரியா: இன்னைக்கும் வெள்ளிதான, போனீகளா?

முத்தரசு: போனேன். இது தேடுறதுல சேருமா?

சத்தியப்பிரியா: சேரும்ண்ணே! அதுதான் தேடுறது. தாராளமாச் சேரும்.

முத்தரசு: அப்ப அதப் போடு. வேலையில்லாதவன்னே போடு. எதுலயோ ஒன்னுல இருந்துக்கிறேன்.

செந்தாமரை: இதச் சந்தோசமா வேற சொல்றாக… நிவேதா சம்பந்தத்துக்கு என்ன பதில் சொல்வீக?

முத்தரசு: ஞாயித்துக்கெழம நானே பஸ் ஏறிப் போயி, மாப்பிள்ளையோட அப்பாகிட்டச் சொல்லிட்டு வந்துர்றேன். அதக் கேட்டுட்டு ஓடுற ஆளுன்னா, இப்பவே ஓடட்டும்.

செந்தாமரை: ஓடிட்டா?

முத்தரசு: எனக்கும் பயமாத்தான் இருக்கு செந்தாமர. பின்கட்டுல ஒளிஞ்சு ஒக்காந்துருக்கிறதவிட அந்தப் பயம் தேவல. இந்தப் புள்ள நம்மளால வேலையிழந்துச்சுன்னா அந்தப் பாவம் நம்ம புள்ளையத்தான் சுத்தும். எங்கத்தா கையெழுத்துப் போடணும்? இங்கயா?

சத்தியப்பிரியா: போடாதீகண்ணே.

முத்தரசு: ஏன்? இதக் கேக்கத்தான வந்த?

சத்தியப்பிரியா: நீங்க இம்புட்டு ஒடச்சுச் சொன்னதுக்கப்பறம் நான் மறைச்சா நல்லா இருக்காது. "நிப்பாட்டிருவாக"ன்னு சொன்னேன்ல, அது பொய். நிப்பாட்டிட்டாக. போன மாசம் முப்பதாம் தேதியே டேப்பு, கார்டு எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிட்டாக. இது கடையில வாங்குன நோட்டு. என்னைய இன்னைக்கி யாரும் அனுப்பல. எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெனமும் பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருவேன்… நேத்தும் முந்தாநாளும் இந்தத் தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிப் போயிட்டேன். மொதல்ல ஒங்க வீட்டுக்குத்தான் வந்தேன். ஒரு வீடாச்சும் எழுதிக் குடுத்தா, திங்கக்கெழம சார் முன்னாடி வச்சு, நான் பொய்க்கணக்கு எழுதலன்னு…

முத்தரசு: அழுகாதத்தா. செந்தாமர, கேட்டியா இத?

செந்தாமரை: எனக்குத் தெரியுங்க. செவ்வாக்கெழம நீங்க மில்லு வாசலுக்குப் போயிருக்கயில, இந்தப் புள்ளய நிப்பாட்டிட்டாக, அது எடத்துக்கு நான் வந்துருக்கேன்னு சொல்லிக்கிட்டு, கண்ணன்னு ஒரு தம்பி டேப்போட வந்துச்சு. பட்டப்பகலு, வெளியூருப் புள்ள, யாருகிட்டப் போயிச் சொல்லப் போகுதுன்னு, அஞ்சு மாசக் கதையையும் அதுகிட்டக் கொட்டிப்புட்டேன். நான் அந்தத் தம்பிகிட்டச் சொன்ன நெசம் இவ எழுதுனதப் பொய்யாக்கிரும்னு இப்பத்தான் எனக்கு வெளங்குது… அந்த நோட்ட இங்குட்டுக் குடு ஆத்தா. அவுக பேருக்குக் கீழ என் பேரையும் போடுறேன், மூணு மாசமும் மாத்திச் சொன்னது நான்தான்னு. நீ படியேறி வந்து "போன வெள்ளி, போன சனி"ன்னு ஆரம்பிக்கயிலேயே நான் சொல்லிருக்கணும். வெளக்கு வைக்கிற நேரத்துல வீடேறி வந்த புள்ளயப் பாத்து, "ஒனக்கு வேலை இல்லையே"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல.